எந்த அடிமானத்து மடக்கையையும் கால்குலேட்டரில் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அடிமானம் என்ற எண்ணை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் கிடைக்குமோ, அந்த அடுக்கே அந்த எண்ணின் மடக்கை. சாதாரண அறிவியல் கால்குலேட்டர் எதை எடுத்துப் பார்த்தாலும் மடக்கைக்கென்று பெரும்பாலும் இரண்டே விசைகள்தான் இருக்கும். ஒன்று லாக் விசை. அது 10-ஐ அடிமானமாகக் கொண்ட பொது மடக்கையைத் தரும். மற்றொன்று எல்.என். விசை, அது 2.718281828… என்று முடிவின்றி நீளும் ஆய்லர் மாறிலியை அடிமானமாகக் கொண்ட இயற்கை மடக்கையைத் தரும். கேள்வித்தாளிலோ 2 அடிமானத்தில் 10-இன் மடக்கை, 3 அடிமானத்தில் 50-இன் மடக்கை, 0.75 அடிமானத்தில் 0.1-இன் மடக்கை என்று விதவிதமாகக் கேட்கிறார்கள். அந்த அடிமானங்களுக்கு விசை இல்லையே என்று திகைக்கத் தேவையில்லை. இருக்கும் இரண்டில் ஏதேனும் ஒன்றை இருமுறை அழுத்தி ஒருமுறை வகுத்தால் எந்த அடிமானத்து மடக்கையும் கிடைத்துவிடும். வழி இவ்வளவு எளிதாக இருந்தும் விடைகள் தவறுவது ஏன் என்றால், அடைப்புக்குறியை மூடாமல் விடுவது, எண்ணையும் அடிமானத்தையும் இடம் மாற்றி இடுவது, இடையிலேயே தசமங்களை வெட்டிவிடுவது ஆகிய மூன்றும்தான் காரணம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதே.

இந்த இரண்டு அடிமானங்களுக்கு மட்டும் விசை அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் தம் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். அதைப் படித்து வியந்த ஹென்றி பிரிக்ஸ், லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வடிவியல் பேராசிரியராக இருந்தவர், அடுத்த ஆண்டே எடின்பரோ வரை சென்று நேப்பியரைச் சந்தித்தார். 10-ஐ அடிப்படையாக வைத்தால் கணக்கிடுவோருக்கு வசதியாக இருக்கும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். 1617-இல் முதல் ஆயிரம் எண்களுக்கும், 1624-இல் முப்பதாயிரம் எண்களுக்கும் பதினான்கு தசம இடங்கள் வரை பிரிக்ஸ் பொது மடக்கைகளைக் கணக்கிட்டு அச்சிட்டார். இயற்கை மடக்கை நுண்கணிதத்தின் வழியாக வந்தது. வளர்ச்சி, தேய்வு, பரப்பு என்று எதைத் தொட்டாலும் அங்கே அதுதான் தானாக முளைக்கிறது. 1972-இல் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் எச்பி-35 என்ற சட்டைப்பை அறிவியல் கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதிலும் இந்த இரண்டும் தனித்தனி விசைகளாக இருந்தன. இன்று வரை அந்த ஏற்பாடு மாறவில்லை.

முதல் படி: விடை எங்கே இருக்கும் என்று மதிப்பிடுதல்

கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கருத்தில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியமானது.

3 அடிமானத்தில் 50-இன் மடக்கை என்றால், 3-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 50 கிடைக்கும் என்பதே கேள்வி. 3-இன் மூன்றாம் அடுக்கு 27, நான்காம் அடுக்கு 81. 50 இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால் விடை 3-க்கும் 4-க்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். கால்குலேட்டர் 2.02 என்றோ 1.22 என்றோ காட்டினால், எங்கே பிழை என்று தெரியாவிட்டாலும், பிழை இருக்கிறது என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும்.

விடையின் குறியையும் இதே போல முன்கூட்டியே சொல்லிவிடலாம். அடிமானம், எண் இரண்டுமே 1-ஐவிடப் பெரியவையாகவோ, இரண்டுமே 1-ஐவிடச் சிறியவையாகவோ இருந்தால் விடை மிகை எண்ணாக இருக்கும். ஒன்று பெரியதாகவும் மற்றொன்று சிறியதாகவும் இருந்தால் குறை எண். எடுத்துக்காட்டாக, 5 அடிமானத்தில் 0.04-இன் மடக்கை −2, ஏனெனில் 0.04 என்பது 1/25. 0.5 அடிமானத்தில் 8-இன் மடக்கை −3. எண் 1-ஆக இருந்தால் அடிமானம் எதுவானாலும் விடை பூச்சியம். எண்ணும் அடிமானமும் 1-ஐவிடப் பெரியவையாக இருந்து, எண் அடிமானத்தைவிடச் சிறியதாக இருந்தால் விடை 0-க்கும் 1-க்கும் இடையில் அமையும். 7 அடிமானத்தில் 3-இன் மடக்கை 0.564575 என்று வருவது அப்படித்தான்.

இரண்டாம் படி: அடிமானம் மாற்றும் விதி

3-ஐ 'க' என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 50 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சம மதிப்புடையவை. ஆகவே இரண்டின் பொது மடக்கையும் சமம். அடுக்கில் இருக்கும் 'க', மடக்கை எடுத்ததும் கீழே இறங்கிப் பெருக்கலாக மாறுகிறது. அதாவது,

க × லாக் 3 = லாக் 50

இதிலிருந்து,

க = லாக் 50 ÷ லாக் 3

இவ்வளவுதான் விதி. எண்ணின் மடக்கை தொகுதியில், அடிமானத்தின் மடக்கை பகுதியில். லாக் விசைக்குப் பதிலாக எல்.என். விசையை இரண்டு இடத்திலும் பயன்படுத்தினாலும் அதே விடைதான். லாக் 50 ÷ லாக் 3 என்பது 1.698970004 ÷ 0.477121255, எல்.என். 50 ÷ எல்.என். 3 என்பது 3.912023005 ÷ 1.098612289, இரண்டும் 3.56087679 என்றே முடியும். மேலே லாக், கீழே எல்.என். என்று கலந்துவிட்டால் மட்டும் விடை பொருளற்றதாகிவிடும். அந்தத் தவறு எண்ணில் பார்த்தவுடன் புலப்படாது; மதிப்பீடு கைவசம் இருந்தால்தான் பிடிபடும்.

தொகுதியையும் பகுதியையும் மாற்றிப் போட்டால் வருவது சரியான விடையின் தலைகீழ். லாக் 3 ÷ லாக் 50 = 0.28083. இதுவும் ஒரு மடக்கைதான், ஆனால் 50 அடிமானத்தில் 3-இன் மடக்கை. எது மேலே, எது கீழே என்ற குழப்பம் வரும்போது, அடிமானம் என்ற சொல்லிலேயே 'அடி' இருக்கிறது, அது அடியில்தான் நிற்கும் என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், நல்ல உபாயம்.

மூன்றாம் படி: விசைகளை அழுத்தும் முறை

இங்கேதான் கால்குலேட்டருக்குக் கால்குலேட்டர் வேறுபாடு தொடங்குகிறது. நம் ஊர் மாணவர்கள் கையில் அதிகம் காணப்படும் கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் வகையில், லாக், 50, வகுத்தல், லாக், 3, சமக்குறி என்று கணக்கை எழுதிய வரிசையிலேயே அழுத்தினால் 3.56087679 கிடைக்கும். இவ்வகையில் லாக் விசை தன்னை அடுத்து வரும் எண்ணை மட்டுமே பிடித்துக்கொள்ளும் என்பதால் அடைப்புக்குறி தேவைப்படுவதில்லை.

இஎஸ் வரிசையில் வந்த மாதிரிகளில் நிலைமை வேறு. அவற்றில் லாக் விசையை அழுத்தியதும் திரையில் லாக் என்ற சொல்லோடு ஒரு திறந்த அடைப்புக்குறியும் சேர்ந்தே விழும். அதை நாம்தான் மூட வேண்டும். மூடாமல் தொடர்ந்து லாக் ( 50 ÷ லாக் ( 3 என்று அழுத்திச் சமக்குறி போட்டால், கால்குலேட்டர் பிழை எதையும் அறிவிக்காது, விடுபட்ட அடைப்புக்குறிகள் எல்லாம் கடைசியில் மூடப்படுகின்றன என்று தானாகவே கருதிக்கொண்டு, 50-ஐ லாக் 3-ஆல் வகுத்து, கிடைத்த 104.795-க்கு மடக்கை கண்டு, 2.020341 என்று காட்டும். 3-இன் அந்த அடுக்கு ஏறக்குறைய 9.2 மட்டுமே, 50-க்கு அருகில்கூட இல்லை. சரியான வரிசை இது:

லாக் ( 50 ) ÷ லாக் ( 3 ) =

இதே கணக்கில் இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது: லாக் ( 50 ÷ 3 ) என்று எழுதிவிடுவது. அது 1.221849 என்ற விடையைத் தரும். வகுத்தலின் மடக்கை என்பது மடக்கைகளின் கழித்தல். மடக்கைகளின் வகுத்தல் அன்று. இரண்டு விதிகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுவதால் தேர்ந்தவர்களும் அவசரத்தில் இதில் விழுவதுண்டு.

எம்எஸ் வகையில் அடைப்புக்குறி தேவையில்லை என்று சொன்னேன். அது தனி எண்களுக்கு மட்டும் பொருந்தும். 3/4-இன் மடக்கை வேண்டும் என்று லாக் 3 ÷ 4 என அழுத்தினால், அந்தக் கால்குலேட்டர் லாக் 3-ஐக் கண்டு அதை நான்கால் வகுத்து 0.119280 என்று சொல்லும். உண்மையான மதிப்பு −0.124939. குறியே மாறிவிட்டது. ஆகவே எண்ணோ அடிமானமோ பின்னமாகவோ, பெருக்கலாகவோ, அடுக்காகவோ இருந்தால், எந்த மாதிரியானாலும், அடைப்புக்குறிக்குள் இட்டுவிடுவது நல்லது.

எண்ணை முதலில் இட்டு அதன்பின் விசையை அழுத்தும் பழைய கால்குலேட்டர்களும் சில செல்பேசிச் செயலிகளும் உண்டு. அவற்றில் 50, லாக், வகுத்தல், 3, லாக், சமக்குறி என்ற வரிசை. புதிய கருவி ஒன்று கைக்கு வந்தால் 100-க்கு லாக் கண்டு பாருங்கள். எந்த வரிசையில் அழுத்தியபோது 2 வருகிறதோ, அதுவே அந்தக் கருவியின் வழக்கம்.

அடிமானத்தை நேரடியாக ஏற்கும் விசைகள்

எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் போன்றவற்றில் லாக் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கீழே ஒரு சிறு கட்டமும் அதையடுத்து ஒரு பெரிய கட்டமும் அச்சிட்ட தனி விசை இருக்கும். சிறு கட்டத்தில் அடிமானத்தை இட்டு, அம்புக்குறியால் நகர்ந்து, பெரிய கட்டத்தில் எண்ணை இட வேண்டும். புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே திரையிலும் தெரிவதால் தவறுக்கு இடம் குறைவு. திரையை ஒற்றை வரி முறையில் வைத்திருந்தால், லாக் அடைப்புக்குறிக்குள் முதலில் அடிமானம், காற்புள்ளி, அடுத்து எண் என்ற வரிசையில் இடலாம்.

பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்வில் கணினித் திரையிலேயே தரப்படும் கால்குலேட்டரிலும் பொது மடக்கை, இயற்கை மடக்கை ஆகியவற்றோடு 2 அடிமானத்துக்கும் விரும்பிய அடிமானத்துக்கும் விசைகள் உண்டு. ஐபோனின் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் அறிவியல் விசைகள் வெளிப்படும். இரண்டாம் நிலை விசையை அழுத்தினால் அங்கும் 2 அடிமானத்து விசையும் விரும்பிய அடிமானத்து விசையும் கிடைக்கும்.

இத்தகைய விசைகளில் எண் முதலா, அடிமானம் முதலா என்பது கருவிக்குக் கருவி மாறுகிறது. கையேட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 8, 2 ஆகிய இரண்டையும் இட்டுப் பாருங்கள். 3 என்று வந்தால் 8 எண்ணாகவும் 2 அடிமானமாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது, 0.3333 என்று வந்தால் வரிசை தலைகீழ். தேர்வு அறையில் முதல் நிமிடத்தில் செய்துவிட்டால் அதன்பின் ஐயம் எழாது.

நான்காம் படி: விடையைத் திருப்பிச் சரிபார்த்தல்

விடை திரையில் இருக்கும்போதே, அதை அழிக்காமல், அடிமானத்தை அந்த விடையின் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். கேசியோவில் 3, அடுக்கு விசை, முந்தைய விடையை அப்படியே எடுத்துத் தரும் ஆன்ஸ் விசை, சமக்குறி. 50 அல்லது அதற்கு மிக அருகிலான 49.99999999 போன்ற ஒரு மதிப்பு வந்தால் கணக்கு சரி. ஆன்ஸ் விசையைப் பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு: திரையில் பத்து இலக்கங்கள் தெரிந்தாலும் கால்குலேட்டர் உள்ளே அதைவிடக் கூடுதலான இலக்கங்களை வைத்திருக்கிறது. 3.56 என்று கையால் திரும்ப இட்டால் அந்தக் கூடுதல் துல்லியம் போய்விடும், சரிபார்ப்பும் 49.95 போன்ற அரைகுறை விடையில் நிற்கும்.

சில விடைகள் முடிவுறாத் தசமமாகத் தோன்றினாலும் உண்மையில் எளிய பின்னங்கள். 8 அடிமானத்தில் 4-இன் மடக்கை 0.6666666667 என்று வரும், அது 2/3. இரண்டும் 2-இன் அடுக்குகளாக இருப்பதே காரணம். 9 அடிமானத்தில் 27-இன் மடக்கை சரியாக 1.5. எண்ணும் அடிமானமும் ஒரே எண்ணின் அடுக்குகளாக இருப்பதைக் கண்டுகொண்டால் கால்குலேட்டரே வேண்டியதில்லை.

தசமங்களை எங்கே வெட்டுவது

லாக் 50-ஐக் கண்டு 1.70 என்று தாளில் எழுதி, லாக் 3-ஐக் கண்டு 0.48 என்று எழுதி, பிறகு இரண்டையும் வகுப்பது பரவலான பழக்கம். 1.70 ÷ 0.48 = 3.5417. சரியான விடை 3.5609. வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் 3-இன் 3.5417 அடுக்கைக் கண்டால் 48.96 வருகிறது, 50 அன்று. மூன்று தசம இடங்கள் வைத்தால் 1.699 ÷ 0.477 = 3.5618, திருப்பினால் 50.05. தேவலாம், ஆனாலும் இரண்டாம் தசமத்துக்கு மேல் நம்ப முடியாது.

அடிமானம் 1-க்கு நெருக்கமாக இருக்கும்போது இந்தக் கேடு பன்மடங்காகிறது. ஆண்டுக்கு ஒருமுறை 7 சதவீதம் கூட்டு வட்டி சேரும் வைப்புத் தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது 1.07 அடிமானத்தில் 2-இன் மடக்கையைக் கேட்கும் கேள்வி. லாக் 2 = 0.301029996, லாக் 1.07 = 0.029383778, வகுத்தால் 10.2448. பகுதியில் இருப்பது மிகச் சிறிய எண் என்பதைக் கவனியுங்கள். அதை 0.029 என்று வெட்டினால் விடை 10.38 ஆகிறது, இரண்டு தசமத்தோடு நிறுத்தி 0.30 ÷ 0.03 என்றால் 10 ஆகிவிடுகிறது. ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மாதம் கூட, மற்றொன்று மூன்று மாதம் குறைவு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்புக் காலம் கிடைக்கும் என்று வங்கி வட்டாரத்தில் சொல்லப்படும் மனக்கணக்கு 10.29 என்று தருகிறது. வெட்டிய மடக்கைகளைவிட அதுவே மேல் என்பது சற்று வேடிக்கைதான்.

ஆகவே முழுக் கணக்கையும் ஒரே வரியில் இட்டு, கடைசி விடையை மட்டும் தேவையான இடத்தில் வெட்ட வேண்டும். பல மடக்கைகள் வரும் கணக்காக இருந்தால், ஒவ்வொன்றையும் நினைவக விசைகளில் சேமித்து எடுத்துப் பயன்படுத்தலாம். 4 அடிமானத்தில் 7-இன் மடக்கையை 7 அடிமானத்தில் 64-இன் மடக்கையால் பெருக்கினால் சரியாக 3 வர வேண்டும், ஏனெனில் நடுவிலுள்ள 7 அடிபட்டு 4 அடிமானத்தில் 64-இன் மடக்கையே எஞ்சுகிறது. 1.40, 2.14 என்று வெட்டிப் பெருக்கினால் கிடைப்பது 2.996.

முழு எண்ணாக விடை வேண்டும்போது

நடைமுறைக் கேள்விகள் பல 'எத்தனை முறை', 'எத்தனை ஆண்டு', 'எத்தனை பிட்' என்று முழு எண்ணைக் கேட்பவை. அங்கே வழக்கமான தோராய விதி உதவாது. ஒரு வடிகட்டி ஒவ்வொரு முறையும் கசடில் கால் பங்கை நீக்கி முக்கால் பங்கை விட்டுவிடுகிறது என்று கொள்வோம். எஞ்சும் கசடு முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றால் எத்தனை முறை வடிகட்ட வேண்டும்?

0.75 அடிமானத்தில் 0.1-இன் மடக்கை காண வேண்டும். லாக் 0.1 ÷ லாக் 0.75 = −1 ÷ −0.124938737 = 8.0039. இதைப் பார்த்ததும் 8 என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் 0.75-இன் எட்டாம் அடுக்கு 0.100113. அது 0.1-ஐவிட ஒரு நூலிழை அதிகம். நிபந்தனை நிறைவேறவில்லை, ஒன்பது முறை வடிகட்டியாக வேண்டும். 8.0039 ஆனாலும் 8.97 ஆனாலும் இங்கே அடுத்த முழு எண்தான் விடை. வைப்புத் தொகைக் கணக்கிலும் அப்படியே: வட்டி ஆண்டு முடிவில் மட்டுமே சேரும் என்றால், பத்தாம் ஆண்டு முடிவில் தொகை 1.967 மடங்குதான், பதினொன்றாம் ஆண்டு முடிவில்தான் அது இரண்டைத் தாண்டி 2.105 மடங்காகிறது.

வரிசைப்படுத்திய 10 லட்சம் பதிவுகளில் ஒன்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேட, அதிகபட்சம் எத்தனை ஒப்பீடுகள் தேவை என்பதும் இவ்வகைதான். 2 அடிமானத்தில் 10 லட்சத்தின் மடக்கை, அதாவது 6 ÷ 0.301029996 = 19.93, ஆகவே 20.

மூலம், பின்னம் ஆகியவை அடிமானமாக வரும்போது

√2 அடிமானத்தில் 32-இன் மடக்கை என்ன? √2-ஐ 1.41 என்று இட்டால் 10.087 வரும். லாக் ( 32 ) ÷ லாக் ( √2 ) என்று மூலக்குறியோடு இட்டால் சரியாக 10. அடிமானமே ஓர் எண்ணின் அடுக்காக இருக்கும்போது அந்த அடுக்கை வெளியே எடுத்துவிடலாம் என்பதும் இங்கே பயன்படும்: √2 என்பது 2-இன் அரை அடுக்கு என்பதால், 2 அடிமானத்தில் 32-க்குக் கிடைக்கும் 5-ஐ அரையால் வகுத்து 10 என்று மனத்திலேயே சொல்லிவிடலாம்.

இசையில் இதற்கு அழகான பயன் ஒன்று உண்டு. ஹார்மோனியம், கீபோர்டு ஆகியவற்றில் ஒரு ஸ்தாயி, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி, பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் 2-இன் பன்னிரண்டாம் மூலத்தால், அதாவது ஏறக்குறைய 1.059463-ஆல், பெருகுகிறது. தம்பூராவில் சுத்தமாகச் சேரும் சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 3:2. அப்படியானால் பஞ்சமம் எத்தனை படி தள்ளி இருக்கிறது? 1.059463 அடிமானத்தில் 1.5-இன் மடக்கையே விடை. அடிமானம் 1-க்கு நெருக்கமானது என்பதால், மேலே சொன்னபடி, அதைத் தசமமாக இடுவது ஆபத்து, 1.06 என்று இட்டுப் பார்த்தால் 6.96 வருகிறது. மாறாக, 12 × லாக் 1.5 ÷ லாக் 2 என்று மாற்றி எழுதினால் 7.01955. கீபோர்டில் பஞ்சமம் சரியாக ஏழாவது படியில் இருக்கிறது. எஞ்சிய 0.01955 என்பது ஒரு படியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு, அந்த வாத்தியத்தின் பஞ்சமம் தம்பூராவின் பஞ்சமத்தைவிட அத்தனை தாழ்ந்து நிற்கிறது. 6.96 என்ற தவறான விடையை நம்பியிருந்தால் உயர்ந்து நிற்கிறது என்று நேர்மாறாக முடிவு கட்டியிருப்போம்.

கால்குலேட்டர் மறுக்கும் இடங்கள்

திரையில் மேத் எரர் என்று வந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். மெய்யெண்களில் பூச்சியத்துக்கும் குறை எண்களுக்கும் மடக்கை கிடையாது. அடிமானம் 1-ஆக இருக்கவும் முடியாது. லாக் 1 பூச்சியம் என்பதால் பகுதியில் பூச்சியம் வந்துவிடும், 1-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 1-தானே. 

எண் மிகப் பெரியதாக இருப்பதாலும் எரர் வரலாம். சாதாரணக் கால்குலேட்டர்கள் 10-இன் நூறாம் அடுக்கை எட்டும் எண்களை ஏற்பதில்லை. 3 அடிமானத்தில் 7-இன் 500-ஆம் அடுக்குக்கு மடக்கை காணச் சொன்னால், அந்த அடுக்கை இடும்போதே கருவி நின்றுவிடும். அடுக்கை முன்னால் கொண்டுவந்து 500 × லாக் 7 ÷ லாக் 3 என்று எழுதினால் 885.6219 என்று அமைதியாக விடை வரும்.

மடக்கை அட்டவணையோடு ஒப்பிடும்போது

தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளில் கிளார்க்ஸ் டேபிள் என்று அழைக்கப்படும் அட்டவணை நூலோடு பழகியவர்கள் கால்குலேட்டருக்கு மாறும்போது ஓரிடத்தில் தடுமாறுவார்கள். 0.04-இன் மடக்கையை அட்டவணை முறையில் 'பார் 2 பாயின்ட் 6021' என்று எழுதுவார்கள். 2-இன் தலைமேல் கோடு. கால்குலேட்டரோ −1.39794 என்று காட்டும். இரண்டும் ஒன்றே. கோடிட்ட 2 மட்டும் குறை எண், தசமப் பகுதி எப்போதும் மிகை எண். −2 + 0.60206 = −1.39794. இதைக் கவனிக்காமல் −2.6021 என்று கால்குலேட்டரில் இட்டு 0.69897-ஆல் வகுத்தால் 5 அடிமானத்தில் 0.04-இன் மடக்கை −3.72 என்று வந்து நிற்கும். வர வேண்டியது −2. அட்டவணையிலிருந்து எடுத்த மதிப்பை வகுப்பதற்கு முன், கோட்டை நீக்கி முழுக் குறை எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். அட்டவணை முறையில் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் வசதியாக இருந்த கோடு, அடிமானம் மாற்றும்போது இடையூறாகிவிடுகிறது.

எக்செல், பைத்தான்

எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் லாக் என்ற ஃபங்ஷனுக்குள் முதலில் எண், காற்புள்ளி, அடுத்து அடிமானம் என்று இட வேண்டும். கேசியோவின் ஒற்றை வரி முறைக்கு நேர் எதிரான வரிசை. அடிமானத்தை விட்டுவிட்டால் 10 என்று எடுத்துக்கொள்ளும். பைத்தான் நிரல்மொழியின் மேத் தொகுப்பிலுள்ள லாக் ஃபங்ஷனிலும் எண்தான் முதலில், ஆனால் அடிமானம் தராவிட்டால் அது இயற்கை மடக்கையைத் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் லாக் எப்போதும் இயற்கை மடக்கைதான். ஒரே பெயர், மூன்று நடத்தை. இங்கேயும் 100-ஐ இட்டுப் பார்த்தால் போதும். 2 வந்தால் பொது மடக்கை, 4.605 வந்தால் இயற்கை மடக்கை.

நிரல் எழுதுவோருக்கு இன்னும் ஒன்று. பைத்தானில் 10 அடிமானத்தில் 1000-இன் மடக்கையை இந்தப் பொதுவான ஃபங்ஷனால் கேட்டால் 3 வருவதில்லை, 2.9999999999999996 என்று வருகிறது. இயற்கை மடக்கைகள் இரண்டைக் கண்டு வகுப்பதால் கடைசி இலக்கத்தில் நேரும் பிசகு அது. அச்சிட்டுப் பார்க்கும்வரை தீங்கில்லை. அந்த விடையின் தசமத்தை நீக்கி முழு எண் பகுதியை மட்டும் எடுத்து, அதிலிருந்து இலக்கங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் நிரலாக இருந்தால், 1000-க்கு மூன்று இலக்கங்கள் என்று முடிவு செய்துவிடும். 10, 2 ஆகிய அடிமானங்களுக்குப் பைத்தானில் தனி ஃபங்ஷன்கள் இருப்பதால் அவற்றையே பயன்படுத்த வேண்டும். மற்ற அடிமானங்களில் முழு எண் விடை எதிர்பார்க்கும் இடத்தில், கிடைத்ததை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, அடிமானத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு வரி சேர்த்துச் சோதிக்க வேண்டும்.